இரண்டு பாய் வீடு

தவமணி அம்மையிடம் சீடர்களாக இருந்தவர்களில் நாச்சிமுத்து வயதில் அம்மையைவிட மூத்தவர். மகன் இறந்த மறு வருடம் வந்தார். பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய குடியிருப்பின் மாடுகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். மாலையில் மற்றவர்களோடு கண்மூடி உட்காருவார். அதிகம் பேச மாட்டார்.

ஒரு நாள் காலை சமையல் கொட்டகைக்குப் பால் கொண்டுபோனார். அங்கே புதிதாக ஒருவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். காலடி கேட்டு நிமிர்ந்தான். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் கோடாலியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

நாச்சிமுத்து பாலை அங்கேயே வைத்துவிட்டு நேராக அம்மையிடம் போனார்.

"அவனை அனுப்பிடுங்க அம்மை."

"யாரை?"

"விறகு பொளக்கறானே, இருளப்பன். லாரி டிரைவர். என் பையன் கவின் மேல ஏத்திக் கொன்னவன்."

"தெரியும். ஜெயில்ல இருந்து நேரா வந்தாரு. வந்ததும் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா உள்ள விட்டீங்க?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்த முறத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நீங்க மொதல்ல வந்தப்ப என்ன சொன்னீங்க?"

நாச்சிமுத்து தலை குனிந்தார். "அவன் வெளிய வந்தா வெட்டுவேன்னு சொன்னேன்."

"அதைக் கேட்டுட்டுத்தான் உங்களையும் உள்ள விட்டேன்."

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே சொல்லுங்க. மகனைக் கொன்னவனோட ஒரே எடத்துல ஒருத்தன் எப்படி இருக்கறது?"

"எவ்வளவு பெரிய எடத்துல?" என்று கேட்டார் அம்மை.

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. அம்மை எழுந்து இருளப்பனைக் கூப்பிட்டார். இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு மலை ஏறினார்.

குடியிருப்புக்குத் தண்ணீர் மேலே இருந்த சுனையிலிருந்து குழாயில் வந்தது. மழைக்காலத்தில் சுனை வாயை இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். யாராவது மேலேயே தங்கி அள்ளிவிட வேண்டும். போன மழையில் தங்குவதற்கு இடமில்லாமல் தண்ணீர் பல நாள் நின்றுபோயிருந்தது.

சுனைக்குப் பக்கத்தில் ஒரு சமதரை. அம்மை அதில் குச்சியால் ஒரு சதுரம் கிழித்தார்.

"இந்த அளவுக்கு ஒரு வீடு கட்டுங்க. மழை முடியறவரைக்கும் ரெண்டு பேரும் இங்க இருந்து சுனையைப் பாத்துக்கணும்."

நாச்சிமுத்து கோட்டைப் பார்த்தார். இரண்டு பாய் விரித்தால் தரை முடிந்துவிடும்.

"இதுல எப்படி ரெண்டு பேரு?"

"ஒருத்தர் கட்டவும் முடியாது, ஒருத்தருக்கு மட்டும் கட்டவும் வேண்டாம். மழை முடிஞ்சதும் நீங்க யாரைப் போகச் சொல்றீங்களோ அவர் போகட்டும். அது உங்க முடிவு. நான் குறுக்க வர மாட்டேன்."

இருளப்பன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "இப்பவே போறதுன்னாலும் போயிடறேனுங்க."

"இப்ப இல்ல," என்றார் அம்மை.

மழை முடியும்வரை பொறுத்துக்கொண்டால் போதும், அவனைத் துரத்திவிடலாம். நாச்சிமுத்து அப்படித்தான் நினைத்தார். அதனால்தான் சம்மதித்தார்.

வீடு எழும்பியது. நாச்சிமுத்து கல் பொறுக்கினார், இருளப்பன் மண் குழைத்தான். ஒருவர் கிழக்குச் சுவரில் நின்றால் மற்றவர் மேற்குச் சுவரில் நின்றார். எதையாவது கேட்க வேண்டியிருந்தால் நாச்சிமுத்து கல்லைப் பார்த்துச் சொல்வார்: "இங்க இன்னும் மண்ணு வேணும்." சிறிது நேரத்தில் மண் வந்துவிடும்.

கூரைக்கு விட்டம் ஏற்ற வேண்டிய நாள் வந்தது. நாச்சிமுத்து தனியாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு முனையைச் சுவர் மேல் வைத்தால் மறுமுனை சரிந்தது. மூன்றாவது தடவை மரம் வழுக்கி அவர் தோளைச் சிராய்த்துக்கொண்டு விழுந்தது. இருளப்பன் வந்து மறுமுனையைப் பிடித்தான்.

"தொடாதே," என்றார் நாச்சிமுத்து.

அவன் கையை எடுத்துவிட்டு நின்றான். நாச்சிமுத்து மரத்தை முறைத்தபடி மூச்சு வாங்கினார். மேலே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் தன் முனையைக் குனிந்து பிடித்தார்.  இருளப்பனும் குனிந்தான். விட்டம் ஏறியது. அதன்மேல் தகரம் போட்டார்கள். தகரத்தின் மேல் கல் வைத்து முடிப்பதற்குள் தூறல் பிடித்துவிட்டது.

முதல் சில நாட்கள் இருளப்பன் உள்ளே வரவில்லை. கூரையின் ஓரத்துக்குக் கீழே, சுவரை ஒட்டிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். அதுதான் சரி என்று நாச்சிமுத்துவும் விட்டுவிட்டார். உள்ளே ஒரு பாய்தான் விரிந்திருந்தது.

அம்மை அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். நனைந்து கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"வீடு சின்னதாப் போச்சா?"

"அவனாத்தான் வெளிய படுத்துக்கறான். நான் ஒண்ணும் சொல்லல."

"நான் வீட்டைப் பத்தித்தான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அம்மை இறங்கிப் போனார்.

அன்று பிற்பகலில் மழை சாய்ந்து அடித்தது. வெளியே இருளப்பன் இருமும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாச்சிமுத்து காதைப் பொத்திப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார். பிறகு கதவாக வைத்திருந்த ஓலைத் தட்டியை நகர்த்தினார்.

"உள்ள வந்து தொலை."

இருளப்பன் வந்தான். அவன் பாயும் விரிந்ததும் கால் வைக்கத் தரை இல்லை. ஒருவர் புரண்டால் மற்றவர் மேல் கை பட்டது. நாச்சிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்தார். முதுகுக்குப் பின்னால் அவனுடைய மூச்சு கேட்டது. மகனுக்கு இல்லாமல் போன மூச்சு என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் பகல் முழுக்க வெளிச்சமே இல்லை. மழையில் எதுவும் செய்ய முடியாமல் இருவரும் படுத்துக் கிடந்தார்கள். இருளப்பன் அசந்து தூங்கிவிட்டான். நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது.

கவின் பால் கேன்களோடு சொசைட்டிக்குப் போன அந்த விடிகாலை ஞாபகம் வந்தது. சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்த ஒரு வரியை நாச்சிமுத்து மறந்ததே இல்லை. எதிரே ஒரு பையன் வருகிறான் என்று தெரிந்தும் இவன் பிரேக்கில் காலை வைக்கவில்லை. அப்படித்தான் இத்தனை வருடமும் நம்பியிருந்தார்.

சேறு தோண்டும் கடப்பாரை அவர் பக்கத்துச் சுவரோரமாகக் கிடந்தது. எழுந்து உட்கார்ந்தார். கடப்பாரை கைக்கு வந்துவிட்டது. அதை எப்போது எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அம்மை கீழே இருந்தார். கூப்பிட்டாலும் கேட்காத தூரம்.

அப்போது இருளப்பனின் வலது கால் அசைந்தது.

முழங்கால் மடங்கியது. பாதம் நீண்டு கால்மாட்டுச் சுவரை மிதித்தது. மறுபடியும் மடங்கி மறுபடியும் மிதித்தது. மூன்றாம் முறை உடம்பு முழுக்க விறைத்தது. இடுப்பு பாயிலிருந்து எழும்ப, பல்லைக் கடித்துக்கொண்டு அவன் சுவரை அழுத்தினான். ஈரச் சுவர் குழிந்தது. மண் பூச்சு பெயர்ந்து அவன் கால் மேல் விழுந்தது.

அவன் விழித்துக்கொண்டான்.

தலைக்கு மேலே நாச்சிமுத்து. கையில் கடப்பாரை. இருளப்பன் எழுந்திருக்க முயலவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி அப்படியே கிடந்தான்.

"என்னத்தடா மிதிக்கறே?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "பிரேக்குங்க."

"தெனமுமா?"

"கண்ணு அசந்தாப் போதுங்க."

"அன்னைக்கு ஏண்டா மிதிக்கல?"

அவன் தன் கால் மேல் கிடந்த மண்ணைப் பார்த்தான்.

"தூங்கிட்டேனுங்க," என்றான். "முழிச்சப்போ வண்டி ரோட்டை விட்டு எறங்கி நின்னுட்டிருந்துச்சு. பால் ஓடிட்டு இருந்துச்சு."

"இதைக் கோர்ட்டுல சொன்னியா?"

"வக்கீலு வாயத் தொறக்கக் கூடாதுன்னாருங்க. தொறந்திருந்தாலும் என்னன்னு சொல்றதுங்க. பையன் போயிட்டானே."

நாச்சிமுத்து கடப்பாரையோடு தட்டியைத் தள்ளிக்கொண்டு மழையில் இறங்கினார். சுனை வாய் அடைத்துப்போய்த் தண்ணீர் பாறை மேல் வழிந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவு சேற்றில் நின்று குத்தினார். இலையையும் வேரையும் கையால் வாரி வாரி எறிந்தார். கல்லில் இரும்பு மோதிய ஒவ்வொரு முறையும் அவர் தோள் அதிர்ந்தது. அடைப்பு எடுபட்டுத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கிய பிறகும் அவர் குத்துவதை நிறுத்தவில்லை. கை தளர்ந்தபோது பாறை மேல் உட்கார்ந்தார். மழையில் அழுவதற்கு ஒரு வசதி இருந்தது.

திரும்பி வந்தபோது இருளப்பன் மண்டியிட்டு, பெயர்ந்த மண்ணைக் கையால் சுவரில் அப்பிக்கொண்டிருந்தான். அது ஒட்டாமல் உதிர்ந்தது.

"விடு," என்றார் நாச்சிமுத்து. "இந்த ஈரத்துல நிக்காது."

கடப்பாரையை வெளியே வைத்தார். ஈர வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு தன் பாயில் படுத்தார்.

அதன் பிறகும் அவர்கள் நண்பர்கள் ஆகிவிடவில்லை. அடுப்பு, அரிசி, சுனை, இவற்றைப் பற்றி மட்டும் பேசினார்கள். சில நாட்கள் நாச்சிமுத்து காலையிலிருந்து மாலைவரை ஒரு சொல்கூடப் பேச மாட்டார். அப்படிப்பட்ட நாளில் இருளப்பன் சோற்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தட்டியருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவான். தூங்கும்போது அவன் கால் மிதித்துக்கொண்டேதான் இருந்தது. நாச்சிமுத்து படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மழை நின்றது. வெயில் வந்து பாறைகள் காய்ந்த பிறகு அம்மை மேலே ஏறி வந்தார். இருளப்பன் அவரைக் கும்பிட்டுவிட்டு, தன் துணிகளைக் கட்டிய மூட்டையை எடுத்துக்கொண்டு சுனைப் பக்கம் போய் நின்றான்.

அம்மை ஒரு கல்லில் உட்கார்ந்தார். "யாரைப் போகச் சொல்றீங்க?"

"இன்னும் அவன் மூஞ்சியப் பாத்தா வயிறு எரியுது அம்மை."

"ம்."

"கவின் சிரிச்சது ஞாபகம் வந்தாக்கூட இவனைக் குத்தணும்னு தோணுது. அது போகல. போகும்னு தோணவும் இல்ல."

"ம்."

"ஆனா போன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. மூணு நாளா சொல்லிப் பாக்கறேன். வரல."

 நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வீட்டின் பின்பக்கம் போய் கால்மாட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இந்தச் சுவரை மட்டும் ஒரு முழம் தள்ளிக் கட்டிடலாங்களா?"

"எதுக்கு?"

"தூக்கத்துல பிரேக்குன்னு நெனச்சு இதைத்தான் மிதிக்கறான். தெனமும். குதிகால் ரெண்டா வெடிச்சு ரத்தம் கட்டியிருக்கு. தள்ளிட்டா கால் எட்டாது."

அம்மை குனிந்து வீட்டுக்குள் நுழைந்தார். இரண்டு பாய்களும் பக்கம் பக்கமாக விரித்தபடியே கிடந்தன. சுவரில் இருந்த குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை முழுதும் அதில் அடங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு வெளியே வந்தார்.

"தள்ளிக் கட்டிட்டா கனவுல அவரு வண்டி எங்க நிக்கும்?" என்றார். "சுவர் அங்கயே இருக்கட்டும். மண்ணை மட்டும் கால் நோகாதபடி இன்னும் கொஞ்சம் கனமாப் பூசுங்க."