பெருச்சாளி உடைத்த பூட்டு

ஆற்றங்கரைக் காட்டில் கருக்கன் என்றொரு பெருச்சாளி இருந்தான். பழுதான கணினிகளைச் சரிசெய்வது அவன் தொழில். ஒருநாள் காலையில் மருதா என்ற புள்ளிமான் மூச்சிரைக்க அவன் வளைக்கு ஓடி வந்தாள்.

“கருக்கா! ‘அக்கரை’ விளையாட்டின் பூட்டை நீதான் உடைத்துத் தரவேண்டும்!”

‘அக்கரை’ என்ற கணினி விளையாட்டு காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்தப் பாறையிலிருந்து எந்தப் பாறைக்குத் தாவ வேண்டும், சுழி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் குட்டிகள் அதை விளையாடியே கற்றுக்கொள்ளும். செய்தவள் வழுக்கி என்ற நீர்நாய். விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் அது அவளுடைய கணினியிடம் அனுமதி கேட்கும். அங்கிருந்து ‘சரி’ என்று பதில் வந்தால்தான் திறக்கும். மூன்று வருடத்துக்கு முன் வழுக்கி தன் கணினியை அணைத்துவிட்டு எங்கோ போய்விட்டாள். அன்றிலிருந்து திரையில் ஒரே வரிதான்: ‘அனுமதிக்காகக் காத்திருக்கவும்.’

“அக்கா, அது வழுக்கியின் உழைப்பு. கேட்காமல் உடைத்தால் திருட்டு ஆகாதா?” என்றான் கருக்கன்.

“அவள்தான் விட்டுவிட்டுப் போய்விட்டாளே!”

“விட்டுப் போனால் அவளுடையது இல்லை என்று ஆகிவிடுமா?”

மருதா மெல்லச் சொன்னாள். “போன வெள்ளத்தில் என் மூத்தவன் சுழியில் போய்விட்டான். இளையவளுக்காவது வழி தெரிய வேண்டாமா?”

ஆனாலும் கருக்கனுக்குக் குழப்பம் தீரவில்லை. ஒரு நாரையைக் கூப்பிட்டு, வழுக்கியைத் தேடி ஆற்றின் மேலும் கீழும் அனுப்பினான். ஒரு மாதம் கழித்து நாரை களைத்துப்போய்த் திரும்பியது. “எங்கேயும் காணோம்!” என்றது.

மேற்கே மேகம் கறுத்தது. உடைத்தால் திருடன். உடைக்காவிட்டால்? குட்டிகளை வெள்ளத்தில் சாகவிடுகிறவனுக்கு என்ன பெயர் என்று தெரியாமல் கருக்கன் தவித்தான். கடைசியில் கணினி முன் உட்கார்ந்தான். அனுமதி கேட்கும் பகுதி, விளையாட்டின் முதல் பக்கத்தோடு பின்னிக் கிடந்தது. பிரித்தெடுக்க நேரமில்லை. பக்கத்தையே மொத்தமாக வெட்டி எறிந்தான். விளையாட்டு திறந்துகொண்டது!

குட்டிகள் குதித்தன. மருதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து கருக்கன் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டான். வெறுமையாய்க் கிடந்த முகப்பில் ‘சடையன் படைத்தது’ என்று பெரிதாக எழுதியிருந்தது. சடையன் என்ற குரங்கு பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்து, பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

“அது உன்னுடையது இல்லையே!” என்றான் கருக்கன்.

“உன்னுடையதும் இல்லையே! நீ கேட்டுவிட்டா உடைத்தாய்? நான் மட்டும் கேட்டுவிட்டு எழுத வேண்டுமா?” என்று சிரித்தான் சடையன்.

கருக்கன் தன் வளைக்குத் திரும்பினான். தான் செய்ததும் சடையன் செய்ததும் ஒன்றுதானா? இல்லை என்று மனம் சொன்னது. ஏன் இல்லை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

மழை கொட்டியது. வெள்ளம் வந்தது. மருதாவின் குட்டி பாறை பாறையாகத் தாவி, சுழியை ஒதுக்கி, மேட்டுக்கரை சேர்ந்தாள். மற்றக் குட்டிகளும் பிழைத்தன.

வெள்ளம் வடிந்த மறுநாள் ஆற்றிலிருந்து வழுக்கி ஏறி வந்தாள். பக்கத்துக் காட்டில் தன் விளையாட்டைச் சடையன் பெயரில் பார்த்திருக்கிறாள்.

“பூட்டை உடைத்தது யார்?”

“நான்தான், அக்கா” என்று கருக்கன் முன்னால் வந்தான்.

“பூட்டைக் கழற்றாமல் போனது என் தவறு. இன்னும் யாராவது விளையாடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் முதல் பக்கம் எங்கே? சுழியில் போன என் தங்கை மீனாளுக்காகத்தான் இதைச் செய்தேன். அவள் பெயரை அங்கேதான் எழுதியிருந்தேன்!”

கருக்கன் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனான். பூட்டையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பெயர் தெரியவே இல்லை. நல்லவேளை, பழைய பிரதி ஒன்று அவனிடம் இருந்தது. அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து, இழை இழையாகப் பிரித்து, பூட்டை மட்டும் நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தான். மீனாள் பெயரும் வழுக்கி பெயரும் திரையில் வந்தன. சடையன் சத்தமில்லாமல் மரமேறிப் போய்விட்டான்.

“அக்கா, நான் செய்தது சரியா, தப்பா?”

வழுக்கி, தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்த மான்குட்டியைப் பார்த்தாள். “திறந்ததற்கு என்னால் கோபப்பட முடியவில்லை. அழித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை” என்றாள்.

கைவிடப்பட்ட பொருளைப் பிறர் நன்மைக்காகத் திறக்க நேர்ந்தாலும், அதைச் செய்தவரின் பெயரை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.