முத்துச் சுண்ணாம்புக் கறை

தாழைநாட்டு மன்னன் செண்பகமாறனுக்குப் பிறர் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பதில் தீராத ஆசை. தன் வரலாற்றையும் எழுதுமாறு இருவரைப் பணித்தான். அவைப்புலவர் மாதேவனார் ஆயிரம் ஏடுகளில் புகழ்ந்து தள்ளினார். குயிலன் என்னும் இளம்புலவன் நாற்பதே ஏடுகளில் நடந்ததை நடந்தபடி எழுதினான். முடிசூட்டு நாளில் வாத்து துரத்தியதால் மன்னன் குளத்தில் பாய்ந்ததையும் அவன் விடவில்லை.

இரு சுவடிகளும் ஒரு திங்கள் மன்னனின் பள்ளியறையில் இருந்தன. பின்னர்ச் சுவடிச்சாலைக்குத் திரும்பின. அங்கிருந்து குயிலனின் சுவடியை வாங்கிவந்த மாதேவனார், வாத்து ஏட்டை அவையில் உரக்கப் படித்தார். அவையோர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு மன்னன் கண்ணில் பட்டுவிட்டது. சுவடியை எரிக்கவும் குயிலனை நாடு கடத்தவும் ஆணை பிறந்தது.

சுவடிச்சாலைத் தலைவி அறம்வளர்த்தாள் பதறவில்லை. திரும்பிவரும் ஒவ்வொரு ஏட்டையும் புரட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது.

"தாராளமாக எரிக்கலாம், அரசே. ஆனால், சுவடியைக் கறைப்படுத்தியவர் அதைத் தம் கையாலேயே படியெடுத்துத் தந்த பிறகுதான் அதை அழிக்கலாம் என்பது சுவடிச்சாலையின் விதி."

"யார் வகுத்த விதி?"

"தாங்கள்தாம். முத்திரையும் இருக்கிறது."

அப்படியானால் கறைப்படுத்தியவனைப் பிடித்து எழுதவைக்குமாறு மன்னன் உறுமினான். அவள் சுவடியை விரித்தாள். ஏடுதோறும் சுண்ணாம்பு விரல்தடங்கள். வாத்து ஏட்டிலோ எழுத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"எவன் அந்த வெற்றிலைப் பைத்தியம்?"

"இது முத்துச் சுண்ணாம்பு, அரசே."

அந்நாட்டில் முத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையில் தடவுபவர் ஒருவரே. அவையோர் விதானத்தை அண்ணாந்து பார்த்தனர். மன்னன் தன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"நாற்பது ஏட்டையும் நானா எழுதவேண்டும்?"

"எரிப்பதானால் எழுதத்தான் வேண்டும்."

மன்னன் சற்றே யோசித்து, இரண்டு ஆணைகளையும் திரும்பப் பெற்றான். குயிலனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாதேவனாருக்குத் தாளவில்லை. தம் நூலில் ஒரு கறைகூட இல்லை என்பதை அவை அறியவேண்டும் என்றார்.

"உண்மைதான், ஐயா," என்றாள் அறம்வளர்த்தாள். "மூன்றாம் ஏட்டுக்கு அப்பால் யாரும் படித்த தடமே இல்லை. இன்னும் நூறாண்டு கழிந்தாலும் அப்படியேதான் இருக்கும்."

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். குயிலனுக்குப் பட்டாடையும் அவளுக்கு முத்துமாலையும் அளித்துவிட்டு எழுந்தான்.

"கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன், அம்மா. அந்த வாத்து ஏட்டை எடுத்து வை."