நடுச்சேர்

பல் டாக்டர் சம்பந்தமூர்த்தியை நாங்கள் குரு என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான்.

கோயம்புத்தூரில் ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் எங்கள் கூட்டத்தில் உண்டு. எந்த ஸ்பீக்கர் உசத்தி, எந்த ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஒத்துப்போகும் என்று மணிக்கணக்கில் அடித்துக்கொள்வோம். டாக்டர் கடைசியில் ஒரு வரி சொல்வார். பேச்சு அதோடு நின்றுவிடும். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர், அவருக்கு மறுபேச்சு கேட்டே வழக்கமில்லை என்பான் நாச்சிமுத்து.

அப்படிச் சொல்கிற நாச்சிமுத்துதான் அவருக்கு முதல் சீடன். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் அவன் ஒரு ஒயர்கூட வாங்கமாட்டான். ஸ்பீக்கரை மட்டும் கேட்காமல் வாங்கிவிட்டான்.

அவன் கிளினிக்குக்கு வந்த அன்று, வாயில் பஞ்சோடு அந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தது நான்தான்.

"டாக்டர், பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

"இருக்கறதுக்கு என்னாச்சுங்க?"

"மூச்சு வாங்குதுங்க. சத்தம் கூட்டுனா கரகரங்குது. அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஸ்கூட்டர் ஊட்டி மலை ஏறுற மாதிரி இருக்குது."

"எதுக்குக் கூட்டறீங்க?"

"பாஸ் பத்தலைங்க. கனமான அடிச்சத்தம் எழும்பவே மாட்டேங்குது."

"அத்தனை பெரிய ஸ்பீக்கர்லயா?"

நாச்சிமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "மரகதம் ஹாலுக்கு வர்றதே இல்லைங்க டாக்டர்" என்றான்.

மரகதம் அவன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்பார்கள். முதலில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர், அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு செட். கம்பெனி, கடன், பிள்ளை படிப்பு என்று ஓடிய ஓட்டத்தில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். இந்த உயரமான ஸ்பீக்கர் வந்த பிறகு அவள் முதல் பாட்டிலேயே தலைவலி என்று எழுந்துவிடுவாள். இப்போது வருவதையே விட்டுவிட்டாள்.

"நேத்து பின்னாடி பால்கனியில, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல உட்கார்ந்து, போன்ல இயர்போன் மாட்டிக் கேட்டுட்டிருக்கா. ஹால்ல நான் போட்ட அதே பாட்டுங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"பெரிய ஆம்ப்ளிஃபயர் வந்தா அவங்களும் வந்துருவாங்களா?"

"சத்தம் சுத்தமா இருந்தா வந்துருவாங்க. அவளுக்கு நல்ல காது."

டாக்டர் என் பல்லில் வேலையை முடித்தார். "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். அதுவரைக்கும் எதையும் வாங்கிராதீங்க. துப்புங்க" என்றார். கடைசி வார்த்தை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் தன் வீட்டு ஸ்பீக்கர் ஜோடியையும் காரில் ஏற்றிக்கொண்டார். அதைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். நாச்சிமுத்து இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. "மொதல்ல கேட்டுட்டு வருவோம், அப்புறம் தூக்கலாம்" என்றார். அந்த மட்டும் தப்பித்தேன்.

ஹால் பத்துக்குப் பதினாலு இருக்கும். தரை முழுக்க டைல்ஸ், சுவரில் ஒரு காலண்டர். ஸ்பீக்கர் இரண்டும் என் நெஞ்சு உயரம். ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், பாஸை எழுப்புகிற வூஃபர் இரண்டு. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் ஷோரூமில் கேட்டு மயங்கி வாங்கியது. இங்கே அதற்குப் பின்னால் விரல் நுழைய இடமில்லை.

ஹாலுக்கு நட்டநடுவில் ஒரு நாற்காலி. எங்கள் கூட்டத்தில் எல்லார் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். டேப் வைத்து அளந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் போட்டு, நாலு காலைச் சுற்றியும் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருப்போம். பாடுகிறவர் நேர் எதிரே நிற்பது போலக் கேட்பது அந்த ஒரு இடத்தில்தான். விருந்தாளி வந்தால் காப்பி கொடுக்கிறோமோ இல்லையோ, ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் நடுச்சேரைக் கொடுப்போம். அதுதான் எங்கள் மரியாதை. நாச்சிமுத்துவின் நடுச்சேரில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வீட்டுக்கு ஏ.சி. மாட்ட வந்தவர்கூட உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் நடு ஹாலில் நின்று பட்டென்று கையைத் தட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்தது. இன்னொரு முறை தட்டினார்.

மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க டாக்டர், பஜனைங்களா? சுண்டல் பண்ணட்டுங்களா?"

"காப்பி போதுங்கம்மா."

நாச்சிமுத்து துண்டால் நடுச்சேரைத் தட்டிவிட்டு, "உட்காருங்க டாக்டர்" என்றான்.

டாக்டர் அதைத் தாண்டிப் போனார். பின்சுவர் மூலையில், ஷோகேஸை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர், அது மரகதம் சேருங்க."

"தெரியுதுங்க. பாட்டு போடுங்க. எப்பவும் வைக்கிற சத்தம்."

பழைய டூயட் ஒன்று. பல்லவி முடிவதற்குள் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"நீங்க இங்க வந்து உட்காருங்க."

"இங்கிருந்தே கேக்குதுங்களே."

"வாங்க."

நாச்சிமுத்து போய் மூலையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நீங்க அந்த நடுச்சேர்ல உட்காருங்க."

"அய்யோ, அதுலயா? கூட்டறதுக்குக்கூட நகர்த்தக் கூடாதுங்க டாக்டர். கோடெல்லாம் போட்டு வெச்சிருக்காரு பாருங்க" என்றாள் மரகதம். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பது போல நுனியில் உட்கார்ந்தாள்.

அதே பாட்டை அதே சத்தத்தில் டாக்டர் ஓடவிட்டார்.

நாச்சிமுத்துவின் நெஞ்சில் இடித்தது. ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. பாடுகிற பெண் என்ன சொல்கிறாள் என்றே அவனுக்குப் புரியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு மரகதத்தைப் பார்த்தான். அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இங்க நல்லாத்தானுங்க கேக்குது!" என்றாள் ஆச்சரியமாக. "நான் உங்களுக்குத்தான் காது மந்தமாயிருச்சுன்னு நெனச்சேன்."

"இங்க பாட்டே இல்ல மரகதம். வெறும் இடிதான் விழுது."

"அதைத்தானுங்க நானும் சொன்னேன். எனக்கு ரசனை போயிருச்சுன்னீங்க."

"இத்தனை நாள் எப்படிப் பொறுத்துக்கிட்ட?"

"எங்க பொறுத்துக்கிட்டேன்? பால்கனிக்குப் போயிட்டனே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் திரும்பினான்.

"என்ன டாக்டர் இது? ஒரே ஹால்தானே?"

"ஹாலுக்கு நடுவுல பாஸ் குறையும். மூலையில போய்க் குவியும். குறையிற இடத்துல உட்கார்ந்துட்டு நீங்க கூட்டறீங்க. அத்தனையும் அவங்க தலையில விழுது."

"அப்ப பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டா?"

"இன்னும் சுத்தமா விழும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் படியிறங்கினேன்.

டாக்டரின் ஸ்பீக்கர் ஒல்லியானது. என் இடுப்பு உயரம்தான். வூஃபர் ஒரு சாஸர் அளவு. முதலில் அதைப் பார்த்த நாச்சிமுத்து, "இதுல என்ன டாக்டர் வரப்போகுது?" என்றான். டாக்டர் பெரியவற்றை ஓரங்கட்டச் சொல்லி, சின்னவற்றைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். மரகதத்திடம் ஜமக்காளம் கேட்டு வாங்கி டைல்ஸ் மேல் விரித்தார். பிறகு குனிந்து, தரையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். தன் பல்லையே பிடுங்குகிற மாதிரி நாச்சிமுத்துவின் முகம் சுருங்கியது.

பிரம்பு நாற்காலியை மூலையிலிருந்து இழுத்தார். நடுச்சேரையும் பின்னால் நகர்த்தினார். இரண்டையும் சுவரோடும் ஒட்டாமல், ஹாலின் மத்திக்கும் வராமல், பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

"ரெண்டு பேரும் உட்காருங்க."

சத்தக் குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை. அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரில் இருந்து கரகரப்பு ஒன்றும் வரவில்லை. பாட்டு ஹாலுக்குள் நிதானமாக வந்தது.

முதல் பாட்டு முடிந்தது. மரகதம் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் கணவனின் கையைத் தட்டி, "இந்த வயலின் முடிஞ்சதும் ஒரு சலங்கை வரும் பாருங்க" என்றாள். வந்தது. "இதுல சலங்கை இருக்குதா?" என்றான் அவன். "எப்பவும் இருக்குது" என்றாள். மூன்றாவது பாட்டு என்னவாக இருக்கலாம் என்று இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

டாக்டர் கண்ணைக் காட்டினார். நானும் அவரும் சத்தமில்லாமல் வாசலுக்கு நகர்ந்தோம். எனக்கு என்னவோ நெஞ்சு நிறைந்திருந்தது. எந்த ஸ்பீக்கரையும் கீழே இறக்குகிற வேலை இன்றைக்கு இல்லை என்பதும் அதில் ஒரு காரணம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது நாச்சிமுத்து பின்னாலேயே வந்தான். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் கூடவே முணுமுணுப்பது கேட்டது.

"ரொம்ப சந்தோசங்க டாக்டர்" என்றான். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் போகவில்லை, நின்றான்.

"சொல்லுங்க."

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரே ஒரு குறைங்க. முன்னெல்லாம் பாடுறவர் நேரா என் எதிர்க்க நிப்பார். இப்ப கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிக்கறார். அவரை எப்படிங்க நடுவுக்குக் கொண்டு வர்றது?"

டாக்டர் இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரா உட்கார்ந்தா நடு யாருக்கும் கெடைக்காதுங்க."