செங்கறைக் காசு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட மன்னருக்குப் பழைய பொற்காசுப் பைத்தியம் பிடித்தது. எந்த நாடென்று கேட்காதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வெறும் பழைய காசு அவருக்குப் போதாது. முத்திரை தேயாமல், புதைந்து கிடந்த மண்ணின் செங்கறை அப்படியே ஒட்டியிருக்க வேண்டும். கறையைத் துடைத்துவிட்டால் அது வெறும் தங்கம்தானாம்! மன்னரே ஆசைப்பட்டால் விலை சும்மா இருக்குமா? ஒரு மாட்டு விலைக்குப் போன காசு, அடுத்த ஏலத்தில் ஓர் ஊர் விலைக்குப் போயிற்று.

அந்தச் சமயத்தில் அயல்நாட்டு வணிகன் ஒருவன் அபூர்வமான காசொன்றைக் கொண்டுவந்தான். மன்னர் வாய் திறந்து ஏலம் கேட்பது வழக்கமில்லை. அவருக்காக வேறொருவர் கேட்க வேண்டும்.

"நம் சபை விகடன் செவ்வந்தியப்பனை அனுப்புங்கள் அரசே. ஆயிரம் பொன்னுக்குள் முடிக்கட்டும். முடியாவிட்டால் தலையை வாங்கிவிடலாம்" என்றார் கருவூலத் தலைவர் மழவராயர். செவ்வந்தியப்பன் பேச்சுக்கு மன்னர் சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். மன்னரோ காசு ஆசையில், "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

ஏலத்தன்று காலை செவ்வந்தியப்பனுக்குக் கஞ்சி இறங்கவில்லை. மனைவி அழுதுகொண்டே பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா? இப்ப தலைக்கே வந்திருச்சே!"

குடத்தையே பார்த்த செவ்வந்தியப்பன், ஒரு புளி உருண்டையை எடுத்து மடியில் முடிந்துகொண்டு கிளம்பினான்.

சபையில் ஏலம் சூடுபிடித்தது. எதிரே ஒரு குதிரை வியாபாரி இவன் சொன்னதற்கெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே போனான். செவ்வந்தியப்பன் கடைசியில் "ஆயிரம்" என்றான்.

"ஆயிரத்து நூறு!"

முதல் மணி அடித்தது. இரண்டாவதும் அடித்தது. வாசலில் நின்ற வாள்காரன் ஓரடி முன்னே வந்தான்.

"கடைசி மணிக்கு முன் காசைக் கையில் வாங்கிப் பார்ப்பது ஏலம் கேட்டவர் உரிமை" என்று எழுந்தான் செவ்வந்தியப்பன். காசை வாங்கியவன் மறுகையால் புளியை எடுத்தான்.

"என்ன செய்கிறாய்?" என்று அதட்டினார் மன்னர்.

"காசை ஆயிரத்துக்குள் வாங்கச் சொன்னீர்கள் அரசே. கறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறை போனால் விலை இறங்கும், அடியேன் வாங்கிவிடுவேன்."

விற்கிற வணிகனும் வாங்க வந்த வியாபாரியும் காசைப் பார்க்காமல் மழவராயரையே பார்த்தார்கள். புளி காசில் படப்போன நேரம், மழவராயர் ஆசனத்திலிருந்து பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"அடப்பாவி, தேய்க்காதே! அது என் காசு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"உம்முடைய காசா?" மன்னர் முகம் சிவந்தது. "நீரே விற்று, நீரே ஆள் வைத்து விலையேற்றி, என் கருவூலத்தையா சுரண்டினீர்?" வாள்காரன் மழவராயர் பக்கம் திரும்பினான். வணிகனும் வியாபாரியும் காலில் விழுந்து எல்லாவற்றையும் கக்கினார்கள். மூவரும் சிறைக்குப் போனார்கள், காசு கருவூலத்துக்குப் போயிற்று.

மன்னருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "செவ்வந்தியப்பா, அவர் பாய்ந்திராவிட்டால் மெய்யாகவே தேய்த்திருப்பாயா?"

"தேய்த்திருப்பேன் அரசே. மண்ணைத் தோண்டினால் இதுபோல் இன்னொரு காசு கிடைக்கும். என்னைத் தோண்டினால் இன்னொரு தலை கிடைக்குமா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்படியானால் அந்தத் தலைக்கு நானே கேட்கிறேன், ஆயிரம் பொன்!" என்று, வழக்கத்தை மீறித் தம் வாயாலேயே ஏலம் கேட்டார். அதற்குமேல் கேட்க அந்தச் சபையில் ஆளில்லை.