கும்பிட்டால் நிற்கும் வண்டி

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டு என்னைக் குழப்பாதீர்கள், ஒரு ராஜா இருந்தார். ஆயுதப் பட்டறையைச் சுற்றிப் பார்ப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் போகிறபோதெல்லாம் அடிபட்டுத்தான் திரும்புவார். அவர் நுழைந்தால் போதும், இரும்பு ஏற்றிய தள்ளுவண்டிகள் தாமாகவே உருண்டு வந்து மோதும்.

அன்றும் ஒரு வண்டி முழங்காலைப் பதம் பார்த்தது. பக்கத்தில் நின்ற விகடகவி பொன்னுரங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், வந்த சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர்.

"சிரிக்கிறீரா? வெள்ளிக்கிழமை மறுபடி வருவேன். அன்று ஒரு வண்டி உருண்டாலும் நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது" என்றார் ராஜா.

பொன்னுரங்கனைத் துரத்த வெகு நாளாகக் காத்திருந்தவர் மந்திரி விருப்பாட்சி. "பிரபு, கல்லை முட்டுக் கொடுப்பதும் கயிற்றால் கட்டுவதும் எவனுக்கும் தெரியும். வண்டியை நிறுத்த ஒருவர் கையும் படக் கூடாது என்று உத்தரவிடுங்கள்" என்றார். அப்படியே ஆகட்டும் என்று ராஜா நொண்டிக்கொண்டே போனார்.

பொன்னுரங்கனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் பகலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் வடிவதற்காகத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. ஆனாலும் வண்டிகள் சாதுவாக நின்றன. வண்டிக்கு ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டறை என்றால் அப்படித்தான் என்று நினைத்து, அதை அவர் கவனிக்கவே இல்லை.

"எங்க வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார் தலைமைக் கொல்லர் காளத்தி. "மகராசா வந்தா மட்டுந்தான் அதுக்குக் கிறுக்குப் புடிக்குது."

"கண்ணால் பார்த்தீரா?"

"எங்கேங்க பாக்குறது? அந்நேரம் குனிஞ்சில்ல நிக்கிறோம்."

வண்டிக்கு ராஜாவை எப்படி அடையாளம் தெரியும்? கிரீடத்தை வைத்தா, ஜவ்வாது வாசனையை வைத்தா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கடைசியில் வாசலில் நின்றுகொண்டு, கட்டியக்காரன் குரலில், "ராஜாதி ராஜர் வருகிறார், பராக்" என்று கூவிப் பார்த்தார்.

அத்தனை பேரும் பிடித்ததை விட்டுவிட்டு, தலை குனிந்து, இரு கையையும் கூப்பினார்கள். வண்டிகள் சரிவில் உருண்டு வந்தன. முதல் வண்டி அவர் முழங்காலில் மோதியது. வலியில் உயிர் போனாலும் பொன்னுரங்கனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ராஜாவைக் கும்பிடாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் காளத்தியை வைத்து, ஒவ்வொரு வண்டியிலும் சக்கரத்தின் மேல் ஒரு கனத்த மரக்கட்டையைப் பொருத்தச் செய்தார். கைப்பிடியை அமுக்கினால் கட்டை எழும்பும், வண்டி ஓடும். கையை எடுத்தால் கட்டை விழுந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை ராஜா வந்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். ஒரு வண்டியும் அசையவில்லை.

"பிரபு, ஏமாறாதீர்கள், இவை ஓடவே ஓடாத வண்டிகள்" என்று விருப்பாட்சி ஒரு வண்டிக்கு எதிரே போய் நின்றார்.

"நானே பார்க்கிறேன்" என்று ராஜா கைப்பிடியை அமுக்கினார்.

வண்டி ஓடியது. சரிவில் வேகம் பிடித்து ராஜாவையும் இழுத்துக்கொண்டு ஓடியது. ராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாதே, மந்திரி திரும்பி ஓடவும் முடியாமல் விழித்தார்.

"கையை விடுங்கள், பிரபு" என்று பொன்னுரங்கன் கத்தினார். ராஜா பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மந்திரியைக் கும்பிடுங்கள், பிரபு."

என்ன ஏதென்று புரியாமல் ராஜா சட்டென்று கைகூப்பினார். மந்திரியின் தொந்தியை உரசிக்கொண்டு வண்டி நின்றது. தன்னை ராஜா கும்பிட்டு நிற்பதைக் கண்ட விருப்பாட்சி நடுங்கிப்போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யார் யாரைக் கும்பிடுவது என்று பட்டறையில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நிறுத்த ஒருவர் கையும் படவில்லை, பிரபு. கையை எடுக்கத்தான் செய்தார்கள்" என்றார் பொன்னுரங்கன்.

"அது சரி. என்னிடம் கையை விடு என்று நேராகவே சொல்லியிருக்கலாமே?"

"முதலில் அதைத்தான் சொன்னேன், பிரபு. பிடித்ததை விடச் சொன்னால் ராஜாக்களுக்குக் காது கேட்பதில்லை."

ராஜா சிரித்தார். சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது, வந்த பிறகு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு பொன்னுரங்கன் கழுத்தில் போட்டுவிட்டார்.