மீட்டரில் 41,306

குரு என்றால் தாடி வேண்டும், ஆலமரம் வேண்டும் என்பார்கள். பியூலா மேடத்திடம் இரண்டும் கிடையாது. கோயமுத்தூரில் ஒரு டயர் கடையின் மாடியில் அவருக்கு ஓர் அறையும், சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறியும் இருந்தன. பழைய கார்களுக்கு விலை மதிப்பது தொழில். அவர் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் விற்பவரும் வாங்குபவரும் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சீடர் மயில்சாமி குருவைவிட ஏழு வயது மூத்தவர். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கச் சொன்னார்கள். அது மட்டும் அவருக்கு வரவில்லை. எஞ்சினில் அவருக்குத் தெரியாதது இல்லை, விலைதான் பிடிபடவில்லை.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"மேடம், ஒரு வண்டிக்கு விலை சொல்லணும்னா முதல்ல எதைப் பாக்கணும்?"

"நீங்க எதைப் பாப்பீங்கண்ணா?"

"எஞ்சினை."

"இல்லை."

"துருவை?"

"இல்லை."

"அப்ப ஆர்.சி. புக்கை."

மேடம் அதுவும் இல்லை என்று தலையை ஆட்டினார். "நாளைக்குக் கிணத்துக்கடவு போறோம். பொங்கியண்ணன்னு ஒருத்தர் வண்டி. போன ஐப்பசியில தவறிட்டாராம். அந்தம்மா விக்கப்போறாங்க. விலையை நீங்களே சொல்லுங்க."

பெயரைச் சொல்லும்போது மேடத்தின் குரல் இறங்கியது. மயில்சாமி அதைக் கவனிக்கவில்லை. முதல்முறையாகத் தன்னை விலை சொல்லச் சொன்ன சந்தோஷத்தில் இருந்தார்.

மறுநாள் காலை பொங்கியண்ணனின் தென்னந்தோப்புக்குள் போய் இறங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகை. உள்ளே அந்தக் கார் நின்றது.

இரண்டே கதவு. நீண்ட மூக்கு. எட்டு சிலிண்டர். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வேகத்துக்கென்றே செய்த ரகம். மசில் கார் என்று அதன் பிரியர்கள் சொல்வார்கள். மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப் போனதைப் பொங்கியண்ணன் வாங்கினாராம். சிவப்பு நிறம் என்று சொல்லக் கேட்டால் நம்பலாம். பார்த்தால் தூசிதான் தெரிந்தது.

பொங்கியண்ணன் மனைவி பழனாத்தாள் வாளியில் தண்ணீரும் துணியுமாக வந்தார். நாளைக்குச் சென்னையிலிருந்து வண்டியை வாங்க ஆள் வருகிறது. விற்றுவிட்டு உடுமலையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட எண்ணம். அதற்கு முன்னால் ஒரு துடை துடைத்து வைக்கலாம் என்று பார்த்தார்.

மயில்சாமி பதறினார். "ஏனுங்கம்மா, துடைச்சுப் போடாதீங்க! தூசியோட இருந்தாத்தான் விலை. யாரும் கை வெக்கலைன்னு வர்றவங்க நம்புவாங்க."

குருவிடம் கற்ற பாடம் அது. குரு தரையைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருசமா இதையேதானுங்க கேட்டுட்டிருக்கேன்," என்றார் பழனாத்தாள். "தொடாதே, தொடாதேன்னு. நான் இதுல ஒருக்காக்கூட ஏறினதில்லீங்க."

மயில்சாமி வேலையில் இறங்கினார். எலிகள் ஒயரைத் தின்று சீட்டுக்குள் குடும்பம் நடத்தியிருந்தன. தரைத் தகடு துருவில் உதிர்ந்து, கால் வைக்கும் இடத்தில் மண் தெரிந்தது. எஞ்சினின் முன்னால் ஸ்பேனரைப் போட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. எஞ்சினுக்காக மட்டுமே அவர் கோபப்படுவார்.

"மாசம் ஒருக்கா பத்து நிமிசம் ஓட விட்டிருந்தாப் போதும் மேடம், இது இப்படி இறுகியிருக்காது. எந்தப் புண்ணியவான் நிறுத்தி வெக்கச் சொன்னானோ!"



மயில்சாமி உள்ளே குனிந்து டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் இருந்தது. பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள். மீட்டர் 41,306 மைல் என்று மேலே எழுதியிருந்தது. நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தார். 41,306. மைலில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் ஓரத்து வெள்ளைக் கட்டத்தில் 3.

தாளின் அடியில் இருந்த கையெழுத்தை அவர் தினமும் பார்க்கிறவர். சத்தமில்லாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பையில வெச்சதை அம்மாகிட்டக் குடுங்கண்ணா," என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லீங்க மேடம், ஏதோ பழைய இன்சூரன்ஸ்..."

"குடுங்க."

பழனாத்தாளுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. மேடமே வாங்கி வாசித்தார்.

"'வண்டியை இனி ஓட்ட வேண்டாம். ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் மதிப்பு குறையும். கை வைக்காமல் பத்து ஆண்டு பொறுத்தால் பல மடங்கு விலை போகும்.' கீழ கையெழுத்து, பியூலா." தாளை மடித்தார். "நான்தானுங்கம்மா எழுதுனது."

பழனாத்தாள் வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்கதானுங்களா அது?"

"ஆமாங்கம்மா."

"வாங்கின மறு வாரமுங்க," என்றார் பழனாத்தாள். மேடத்திடம் சொல்வதாகத் தெரியவில்லை. வண்டியைப் பார்த்தே சொன்னார். "ஆழியாறு டேமுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நல்ல சேலையா எடுத்துக் கட்டிட்டு வாசல்ல வந்து நின்னேன். ஒரு பொண்ணு வண்டிக்குள்ள குனிஞ்சு என்னமோ எழுதிட்டிருந்துது. மூஞ்சியப் பாக்கலீங்க. அது போனதுக்கப்புறம் அவர் வந்து, மைலுக்கு மைல் விலை குறையுமாமா, அடுத்த வாரம் பஸ்ஸுல போலாம்னாரு."

"போனீங்களா?"

"எங்கீங்க போனோம்?"

தோப்பில் எங்கோ தேங்காய் விழும் சத்தம் கேட்டது.

"பத்து வருசம் ஆனதும் நானே ஞாபகப்படுத்தினேன். இன்னும் ஏறும், பொறுன்னாரு. ஆஸ்பத்திரியில கெடந்தப்பக்கூட கொட்டாயைப் பூட்டினியான்னுதானுங்க கேட்டாரு."

"என்னை மன்னிச்சுக்குங்கம்மா," என்றார் மேடம்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? அவருக்கு உங்க மேல அத்தனை மரியாதை. படிச்ச பொண்ணு, பொய் சொல்லாதும்பாரு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேடம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். மயில்சாமிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. புண்ணியவான் என்று சொன்ன வாயை என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

பிறகு மேடம் கேட்டார். "மயில்சாமி அண்ணா, இதைத் தள்ள முடியுமா?"

"எதுக்குங்க மேடம்?"

"அம்மா ஒருக்கா ஏறட்டும்."

"தள்ளினா மீட்டர் நகர்ந்துருமுங்க! அந்தத் தாளும் மீட்டரும் ஒண்ணா இருக்கறதுதான் இந்த வண்டிக்கு இருக்கற ஒரே பலம். அதுக்கே ரெண்டு லட்சம் கூடக் கேக்கலாம்."

"அம்மா, நீங்க சொல்லுங்க," என்றார் மேடம். "வித்துட்டா அப்புறம் ஏற முடியாது. உருட்டினா ரெண்டு லட்சம் குறையும். உங்க வண்டி."

பழனாத்தாள் வெகுநேரம் யோசிக்கவில்லை. முந்தானையைப் பார்த்தார். வாளித் தண்ணீர் தெறித்து நனைந்திருந்தது.

"இந்தச் சேலையே போதுமுங்க," என்றார்.

மயில்சாமி பின்சக்கரங்களைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். அரை மணி நேரம் கழித்துத் துருவில் இறுகிய பிரேக் பிடி விட்டது. டயர்களில் காற்று அடித்தார். எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவரே உத்தரவாதம் தரவில்லை. தேங்காய் போட வந்த நான்கு பேரைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்தினார்.

பழனாத்தாள் இடது பக்கக் கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருந்தது.

"அவர் இந்தப் பக்கமா உக்காருவாரு?"

"வெளிநாட்டு வண்டிங்கம்மா. உங்க சீட்டு அந்தப் பக்கம்," என்றார் மயில்சாமி.

பழனாத்தாள் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஏறினார். ஸ்டியரிங்கைப் பிடிக்க மயில்சாமி இடது பக்கம் ஏறப் போனார்.

"அங்க யாரும் உக்கார வேண்டாமுங்க," என்றார் பழனாத்தாள்.

அதனால் மேடம் வெளியே நடந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நான்கு பேரும் மயில்சாமியும் தள்ளினார்கள். கார் முனகிக்கொண்டே கொட்டகையை விட்டு வெயிலுக்கு வந்தது. தூசிக்கு அடியில் நிஜமாகவே சிவப்பு.

தென்னை வரிசைக்கு நடுவே பாதை லேசான இறக்கம். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் உருண்டது. பழனாத்தாள் முன்னால் பார்க்கவில்லை, தோப்பைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காலி சீட்டையே பார்த்துக்கொண்டு போனார். வாய்க்கால் மதகு வரும்போது ஓரத்து வெள்ளைக் கட்டத்தில் 3 கீழே இறங்கி 4 வந்தது.

"போதுமுங்க," என்றார் பழனாத்தாள்.

சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அவர் உடனே இறங்கவில்லை. காலி சீட்டின் மேல் கையை வைத்து, அங்கிருந்த தூசியை மட்டும் துடைத்தார். மயில்சாமி தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மயில்சாமி தன் முதல் விலையைச் சொன்னார். "ஓடற நிலையில இருந்தா நாப்பது லட்சம் போகுமுங்கம்மா. இப்ப பன்னண்டு. அதுக்குக் கீழ குடுத்துறாதீங்க."

"செரிங்க."

"நாளைக்கு அவங்க வர்றப்ப நானும் வந்து கூட இருக்கேம்மா," என்றார் மேடம். பழனாத்தாள் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

திரும்பும்போது மேடம்தான் தன் காரை ஓட்டினார். விலை சரியா என்று கேட்க மயில்சாமிக்கு ஆசை. சரியாகத்தான் இருந்தது, அது அவருக்கும் தெரியும். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் வேறொன்றைக் கேட்டார்.

"மேடம், நேத்து கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்க. முதல்ல எதைப் பாக்கணும்?"

எதிரே வந்த லாரிக்கு மேடம் வழி விட்டார்.

"அன்னைக்கு அந்தம்மா கட்டியிருந்தது மாம்பழக் கலர் சேலைண்ணா. பச்சைக் கரை. வாசல்ல நின்னாங்க. பாத்தேன். பாத்துட்டு, மறுபடியும் குனிஞ்சு மீட்டரை எழுதினேன்."