ஏரிக்குள்ள கிடந்த கல்லு

"தோத்த கல்லுக்கு என்ன மரியாதை, தூக்கி ஏரியில போடு!" கல்லு எண்ணுற ஆமைகிட்ட நரி இப்படிச் சொன்னது, தாமரை இலைக்கு அடியில இருந்த தவளை காதுல விழுந்துச்சு. என்ன கல்லுன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

ஒரு காட்டுல ஒரு ஏரி, அதுக்கு மூணு கரை. வருசா வருசம் ராசாவைத் தேர்ந்தெடுக்க, கரைக்கு ஒரு பானை வைப்பாங்க. யாரைப் பிடிக்குதோ அவங்க நிறக் கல்லை ஆளுக்கு ஒண்ணு அதுல போடணும். நரிக்குக் கறுப்புக் கல்லு, தவளைக்குப் பச்சை, முயலுக்கு வெள்ளை, மயிலுக்குச் சிவப்பு. எந்தக் கல்லு கூடுதலோ அந்தக் கரை அவங்களுக்கு. மத்த கல்லெல்லாம் ஏரிக்குள்ள. மூணு கரையிலயும் நரிக்குத்தான் கொஞ்சம் கூடுதலா விழும்.

ஜெயிச்ச நரி என்ன பண்ணும்? மலைக்காட்டுக்குத் தீ வச்சு, வெந்த கிழங்கைத் தோண்டித் தன் ஆளுங்களுக்குக் கொடுக்கும்.

"நரியாரே, மரம் போனா மழை போயிடும், என் குஞ்சுங்க செத்துப்போகும், தீ வேண்டாம்"னு தவளை கெஞ்சுச்சு. முயலும் கெஞ்சுச்சு, மயிலும் கெஞ்சுச்சு.

"ஒரு கரையாவது ஜெயிச்சுட்டு வந்து கத்துங்க, போங்க!"ன்னுச்சு நரி.

அப்புறம் ஒரு வருசம் தண்ணி படியை விட்டு இறங்குச்சு, அப்புறம் கொக்கு முழங்காலுக்கு வந்துச்சு, அப்புறம் நடுவுல ஒரு குட்டைதான் மிச்சம். அதுல தவளைக் குஞ்சுங்க நெளியுதுங்க. சுத்தி பார்த்தா சேத்துல பச்சை, வெள்ளை, சிவப்புன்னு ஒரே கல்லு!

"ஆமை மாமா, இதைக் குவிச்சுப் பாருங்களேன்"னுச்சு தவளை.

ஆமை குவிச்சுது. பக்கத்துலயே, கரையில சேர்த்து வச்சிருந்த நரியோட கறுப்புக் கல்லையும் குவிச்சுது. கறுப்புதான் சின்னக் குவியல்.

"தீ வேண்டாம்னவங்கதான்டா அதிகம்! இனிமே மூணு கரைக் கல்லையும் ஒண்ணாக் கொட்டுவோம். யாருக்கு எத்தனை கல்லோ, அதுக்குத் தக்க அவங்க ஆளு சபையில உக்காரட்டும். பாதிக்கு மேல யார் சேர்றாங்களோ அவங்க சொல்றதுதான் சட்டம்"னுச்சு ஆமை.

"வழக்கத்தை மாத்துறதா?"ன்னு நரி குதிச்சுது.

"எங்க நாக்கும்தான் காயுது, சும்மா கிடய்யா"ன்னாங்க நரியோட ஆளுங்களே.

சும்மா நின்ன பானைகள்ல குட்டைத் தண்ணியை மொண்டு, தவளை தன் குஞ்சுங்களை அதுக்குள்ள விட்டு நிழல்ல வச்சுது. அப்புறம் சபை கூடுச்சு. தவளையும் முயலும் மயிலும் ஒண்ணு சேர்ந்து, "தீ வச்சவரே மரம் நடணும்"னு தீர்ப்புச் சொன்னாங்க.

"நட்டதும் மழை வருமா?"ன்னு நரி நக்கலாக் கேட்டுச்சு.

"உடனே வராது. நட்டுக்கிட்டே இருங்க"ன்னுச்சு தவளை.

நரி சுத்தி ஒருதரம் பார்த்துச்சு. ஒரு ஆலங்கன்னைக் கவ்விக்கிட்டு மலை ஏறி, மூக்கெல்லாம் சாம்பலாக, குழி பறிச்சுது.